கிடா மார்க் சைக்கிள்

அன்று காலை குடோனில் இருந்தவர்கள்: பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகம், அவருடைய மருமகன் மணிகண்டராஜ், பாகங்களைக் கோத்துச் சைக்கிள் பூட்டுகிற மெக்கானிக் பாலகுரு, கம்பெனி போர்மேன் செல்லச்சாமி, வாசலில் தூக்குவாளியோடு நின்ற அவர் பெண்டாட்டி மாரித்தாய். இவர்கள் போக, வரிசையாகக் கியர் சைக்கிள் நாற்பது.

எல்லாவற்றிலும் சுருட்டுக் கொம்பு வைத்த கிடா முகம். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஹில்ராம்', அதாவது மலைக்கிடா, என்று எழுத்து. விருதுநகர் பக்கம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, கிடா மார்க்தான். தொண்ணூறுகளில் அதை வைத்திருந்தவனுக்குத் தெருவில் தனி மரியாதை. மணிகண்டராஜ் காலேஜுக்கு அதில்தான் போனான். ஒருதரம் லாரிக்காரன் இடித்ததில் அவன் கை ஒடிந்தது, சைக்கிள் ஒடியவில்லை. பிறகு அந்தக் கம்பெனி செலவைக் குறைக்கிறேன் என்று குழாயை மெல்லிசாக்கியது. பேர் கெட்டது. கம்பெனியை இழுத்து மூடினார்கள். மிஞ்சினது பெயரும் கிடாவும்தான். அதை வாங்குங்கள் என்று மாமனாரை ஒரு வருஷம் அரித்தவன் மணிகண்டராஜ்.

சீனிவாசகம் வாங்கினார். அவருக்கு இது பழகின வேலை. சிவகாசியில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் லேபிளுக்குத்தான் முதல் சண்டை வரும். பேர் வாங்கின லேபிளை ஒட்டினால் உள்ளே எவன் சுற்றின வெடியும் விற்றுப் போகும். அதே கணக்கில் வடக்கேயிருந்து இருப்பதிலேயே மலிவான சைக்கிள் பிரேமாக இறக்கினார். திருத்தங்கல் பிரஸ்ஸில் கிடா ஸ்டிக்கர் அடித்து ஒட்டினார். முதல் லோடு நாற்பதையும் மறுநாள் தீபாவளி போனஸோடு தன் ஆட்களுக்கே கொடுப்பதாக ஏற்பாடு. அன்று சாயங்காலம் அவற்றைக் கம்பெனிக்கு ஏற்றிப்போக லாரி வரும்.

பாலகுரு அவற்றில் தான் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேருகிற இடத்தில் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான். பற்றவைத்ததை ஒட்டி, தலைமுடி மாதிரி ஒரு கீறல்.

"பாத்தீகளா மொதலாளி? பத்தவச்சது பிடிக்கல, நாப்பதும் இதே லட்சணந்தான். இன்னும் நாலு குழியில எறங்குனா முன்சக்கரம் தனியாப் போயிரும்."

"நெல்லு மூட கணக்கா ஒடம்ப வச்சுக்கிட்டு சைக்கிளக் குத்தம் சொல்லுத" என்றார் சீனிவாசகம்.

செல்லச்சாமி அந்தக் கோடியில் ஒரு சிவப்புச் சைக்கிளைத் தடவிக்கொண்டிருந்தார். மணிகண்டராஜ் குரலைத் தாழ்த்தினான். "குடுக்க வேண்டாம் மாமா. திருப்பி அனுப்பிருவோம்."

"கிடா திரும்ப வந்துருச்சுன்னு ஊர் பூரா நோட்டீஸ் ஒட்டியாச்சு மாப்ள. கிடா படுத்துக்கிருச்சுன்னு இன்னொரு நோட்டீஸ் அடிக்கவா? பெட்டிக்கு ரெண்டு வெடி புஸ்ஸுன்னு போகுது. எவன் கொண்டாந்து கேட்டான்?"

"வெடி ஒரு தடவதான் மாமா. சைக்கிள்ல தினமும் ஏறணும்."

"பாலகுரு, கீறல்ல பட்டி வச்சு இழைச்சு பெயிண்ட் அடி. ஸ்டிக்கர இன்னும் அகலமாப் போடச் சொல்லுதேன். கொம்பு நீண்டா அம்சமாத்தான் இருக்கும்." திரும்பிக் கூப்பிட்டார். "ஏலே செல்லச்சாமி, பிடிச்சிருக்கா? நாளைக்கி என்ன நாளைக்கி, இப்பவே எடுத்துட்டுப் போ."

மணிகண்டராஜ் வாயைத் திறந்தான். மாமனார் பார்த்தார். மூடிக்கொண்டான். அவர் வீட்டில் இருந்துகொண்டு, அவர் சோற்றைத் தின்றுகொண்டு, அவருடைய போர்மேன் முன்னால் அதற்கு மேல் வாய் வரவில்லை.

பாலகுரு முன்பே கேரியர் மாட்டியிருந்தான். கேரியர் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் அது சைக்கிளே இல்லை. மாரித்தாய் ஏறி உட்கார்ந்தாள். "கிடா முட்டிராம ஓட்டும்" என்றாள். இருவரும் சிரித்துக்கொண்டே ஆனைக்குட்டம் ரோட்டில் போனார்கள்.

சீனிவாசகம் வீட்டுக்குப் போனார். மணிகண்டராஜ் கொஞ்ச நேரம் நின்றான். உட்கார்ந்தான். பிறகு பைக்கை எடுத்தான்.

ஆனைக்குட்டம் வரைக்கும் குழி இல்லாத இடம் கிடையாது. ஒவ்வொரு குழியையும் அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். ஓடைப்பாலத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். ஒரு திருப்பத்தில் பஸ் நின்றது, சுற்றிலும் கூட்டம். பைக்கைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தான். பஸ் டயர் பஞ்சர். டிரைவரைத் திட்டிக்கொண்டு நின்றவர்கள் இவனை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அணைக்கரை இறக்கத்துக்குக் கீழே, கருவேல மரத்தடியில் அவர்கள் இருந்தார்கள். முழுசாக இருந்தார்கள். செல்லச்சாமி குத்தவைத்து உட்கார்ந்து, எச்சில் தொட்டு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தார். கிடாவின் மூஞ்சி குறுக்கே கிழிந்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. இறக்கத்துல பிரேக்கப் பிடிச்சேன், டிக்குன்னு ஒரு சத்தம். பாத்தா ஸ்டிக்கரு கிழிஞ்சிருக்கு. பிரஸ்காரன் பேப்பரு சரியில்ல."

"உம்ம கை பட்டு எது உருப்பட்டுச்சு?" என்றாள் மாரித்தாய். "திருப்பி வாங்கிராதீக அண்ணாச்சி. இந்த மனுசன் இன்னைக்குத்தான் கொஞ்சம் சிரிச்சாரு."

மணிகண்டராஜ் கிழிசலுக்குள் விரலை விட்டான். நகம் இரும்புக்குள் போனது.

"ஸ்டிக்கர் மாத்தித் தாரேன்" என்றான். பைக் சாவியை நீட்டினான். "இதுல வீட்டுக்குப் போங்க."

"பைக்கு எதுக்கு? இங்கனதான வீடு. ஓட்டிட்டே போயிருதேன்." செல்லச்சாமி பெடலில் கால் வைத்தார்.

"ஏறாதீக!"

செல்லச்சாமி பெடலிலிருந்து காலை எடுத்தார். அவன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவனே கேட்டதில்லை.

பைக்கை அவர்களிடம் விட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே குடோனுக்கு வந்தான். முன்சக்கரம் வழியெல்லாம் குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டு வந்தது. பாலகுரு பட்டி டப்பாவைத் திறந்து வைத்திருந்தான்.

"அத மூடு. ஹேக்சா பிளேடு எம்புட்டு இருக்கு?"

"எதுக்கு?"

"நாப்பதையும் அறுக்கணும்."

பாலகுரு ஆடுகிற சக்கரத்தைப் பார்த்தான். கிழிந்த கிடாவைப் பார்த்தான். "ஆளுக ரெண்டும்?"

"நல்லா இருக்காக."

"அண்ணாச்சி, இந்தச் சைக்கிள அறுத்தா உங்க மாமனார் உங்கள அறுத்துருவாரு. அவரு மக, நம்ம அக்கா, சோறு போடமாட்டாக."

"சொல்லிப் பாத்தாச்சுலே. கேக்கல. அறுத்த குழாயில பட்டி நிக்காது. ஸ்டிக்கரு எம்புட்டு அகலமா அடிச்சாலும் ஒட்டாது."

"அப்ப நானும் அறுக்கேன்."

"நீ வேண்டாம். பிளேடக் குடுத்துட்டு வெளிய பூட்டு. சாவியக் கொண்டுபோய் மாமாகிட்டயே குடு. கேட்டா வேல முடிஞ்சதுன்னு சொல்லு."

வெளியே பூட்டிவிட்டு உள்ளே வேலை செய்வது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்றால் ஆட்களை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள். தொங்குகிற பூட்டைப் பார்த்தால் எவரும் தட்டமாட்டார்கள். அப்படிச் செய்வதற்கென்றே சீனிவாசகம் கட்டின குடோன் இது.

லாரி வருவதற்குள் நாற்பதும் முடியுமா என்று மணிகண்டராஜுக்குத் தெரியவில்லை. பாதியில் கதவு திறந்தால் மிச்சப் பாதி ரோட்டுக்குப் போய்விடும். செல்லச்சாமியின் சைக்கிளை முதலில் படுக்கப்போட்டு, குழாயில் காலை வைத்து மிதித்துக்கொண்டான்.

"வேகமா அறுங்க அண்ணாச்சி" என்றான் பாலகுரு. இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான். நாதாங்கி விழுந்தது. பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, ஒருதரம் இழுத்தும் பார்த்தான்.