நின்ஃபாவின் நீளமான பதில்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அதனாலேயே இதன் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ரோவி டீச்சர் வீட்டில் மதியச் சாப்பாடு. அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கும் இந்த மான்டரேயில் இத்தாலியக்காரர் வீட்டு ஞாயிறு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்க முடியும். மத்தி மீனும் சோம்புத் தழையும் போட்ட பாஸ்தா முடிந்து பழத்துக்கு வந்திருந்தோம். டீச்சர், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தன் அம்மாவை ஆபீசர்கள் பிடித்துக்கொண்டு போன கதையை எடுத்தார். மேஜையில் இருந்த எல்லாரும் பலமுறை கேட்ட கதை. நான் மட்டும் புதிது.

"ரெண்டு ஆபீசருங்க சமையக்கட்டுல நிக்கறாங்க. மேஜை மேல எங்க ரேடியோ. 'இது யாரோடது'ன்னு கேக்கறான் ஒருத்தன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நான்தான் எங்க பாஷைல கேட்டுச் சொல்லணும். கேட்டேன். அவ்வளவுதான், அம்மா ஆரம்பிச்சிட்டாங்க. கையை ஆட்டறாங்க, மார்ல தட்டிக்கறாங்க, ஜன்னல் வழியா கடலைக் காட்டறாங்க, மாதாவைக் கூப்பிடறாங்க. மூச்சு விடல. முடிச்சதும் அந்த ஆள் என்னைப் பார்த்து, 'என்ன சொல்றாங்க'ன்னான். 'அவங்களோடதாம்'னு சொன்னேன்."

மேஜையே குலுங்கியது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பாதி மேட்டில் சிரிப்பு நின்றுவிட்டது.

அவ்வளவு நேரம் பேசியதில் மீதி எங்கே போனது?

[என்னைப் பற்றி ஒரு வரி. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்ப் பெண். என் மாமனார் வீட்டார் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே மீன் பிடித்தவர்கள். அவர்களுடைய சிசிலி பாஷையில் எனக்கு ஏச்சும் சாப்பாடும் நன்றாகப் புரியும். மற்றது அரைகுறை.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

போர்க்கால அமெரிக்காவில், தன் குடும்பத்தின் கனவுகளுக்காகத் தன்னையே உருக்கிக்கொண்ட ஒரு தாய்—

அடித்துவிட்டேன். தமிழில் எழுதுகிறவளுக்கு இது வழுக்குப் பாறை. 'அம்மா' என்று எழுதினால் போதும், பேனா தானாகச் சறுக்கிக்கொண்டு போய்த் தியாகத்தில் நிற்கும். அதற்கப்புறம் யாரும் எதையும் விசாரிப்பதில்லை. தியாகம் செய்தவளிடம் போய், 'நீயாகச் செய்தாயா, செய்ய வைத்தார்களா' என்று கேட்பது நம்மிடையே மரியாதைக் குறைவு.

இரண்டாவது தொடக்கம்:

ஆலைச் சங்கு ஊதியது. நின்ஃபா அடுப்பை அணைத்துவிட்டு—

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகிறேன்.

ஆலைச் சங்கு ஊதியது. நின்ஃபா அடுப்பை அணைத்துவிட்டு, ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மீன் படகு எப்போது வருகிறதோ அப்போது டப்பா மீன் ஆலையின் சங்கு ஊதும். எந்த ஆலையின் சங்கு எது என்று அந்தத் தெருப் பெண்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். மத்தியின் தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, டப்பாவில் அடுக்குவது அவள் வேலை. அந்தக் கூலியில்தான் அவள் கணவன் கோசிமோவின் படகுக்கு எஞ்சின் வந்தது. மகன் எராஸ்மோ வானொலிப் பைத்தியம். கம்பியும் வால்வும் வாங்கிக் கொடுத்தாள், அவன் ஒரு ரேடியோவையே செய்து முடித்துவிட்டுக் கடற்படையில் தந்திப் பிரிவில் சேர்ந்தான். மகள் ப்ரோவி, நம்முடைய டீச்சர், சான் ஹோசேயில் தங்கி, ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

நின்ஃபாவுக்குக் கனவு எதுவும் இல்லை என்பார் டீச்சர். "எங்க கனவுதான் அவங்க கனவு."

[இந்த வாக்கியத்தைச் சொன்னவர் மகள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.]

3

இத்தாலியோடு போர் வந்ததும் ஒரு விஷயம் வெளியே தெரிந்தது. அந்த வீட்டில் நின்ஃபா ஒருத்திதான் அமெரிக்கப் பிரஜை இல்லை. படகு வாங்குவதற்காகவே கோசிமோ குடியுரிமை எடுத்திருந்தார். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். நின்ஃபா குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்க உட்காரும்போதெல்லாம் சங்கு ஊதிவிட்டது. ஆக, கடற்படை வீரனின் தாய் எதிரி நாட்டுக்காரி ஆனாள்.

எதிரி நாட்டவர் வீட்டில் வெளிநாட்டு ஒலிபரப்பு கேட்கும் ரேடியோ இருக்கக் கூடாது, போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"குடுத்துத் தொலையேன்," என்றார் கோசிமோ. "படகுல கை வெச்சாங்கன்னா என்ன பண்ணுவ?"

"எம்புள்ள கையால செஞ்சது. அவங்க கப்பல்லதான அவனே இருக்கான்? அவங்ககிட்டயே கொண்டுபோய்க் குடுக்கணுமாக்கும்."

"சட்டம்டி."

"சட்டத்துக்கு எம்புள்ளயவே குடுத்திருக்கேன்யா. இது இருக்கட்டும்."

ரேடியோவைத் துணியில் சுற்றி, வீட்டுக்கு அடியில் நிலவறையில் இருந்த காலி ஒயின் பீப்பாய்க்குள் வைத்தாள். அது கணவனுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வெனேரா ஒருநாள் சமையலுக்கு ஒயின் காடி வாங்க வந்தவள், அதை எடுக்கக் கீழே இறங்கி, ரேடியோவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை. கோசிமோ கடலில். அந்த இரண்டு ஆபீசர்களும் வந்தார்கள். அலமாரியைத் திறக்கவில்லை, மெத்தையைப் புரட்டவில்லை. நேராகக் கீழே போனார்கள். பீப்பாயோடு திரும்பி வந்தார்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதாவது, டீச்சர் சொன்னது உங்களுக்குத் தெரியும்.

4

"சந்தேகமே இல்ல, வெனேராதான்," என்றார் டீச்சர். "அவ புருஷனுக்குப் படகு கிடையாது. எங்கப்பா படகு அவ கண்ணை உறுத்திட்டே இருந்தது."

இதை அப்படியே எழுதினேன். எழுதும்போது ஒரு கேள்வி வந்தது. அடுத்த வாரம் போனேன்.

"டீச்சர், அன்னிக்கு வியாழக்கிழமை. நீங்க சான் ஹோசேலதான இருந்திருக்கணும்?"

"எனக்குச் சளி. வீட்டுக்கு வந்துட்டேன்."

சரி என்று சளியைச் சேர்த்தேன். டீச்சருக்கு இருமலும் கொடுத்தேன், காட்சிக்கு நன்றாக இருந்தது. ஒரு மாதம் கழித்து வேறு ஏதோ பேசும்போது அவரே சொன்னார்: "அன்னிக்குக் காலேஜ் லீவு. அதான் நான் வீட்ல இருந்தேன். இல்லன்னா அம்மா பாடு என்ன ஆகியிருக்கும், நெனச்சுப் பாரு."

இருமலை அடித்துவிட்டேன். லீவு என்றே இருக்கக்கூடும். லீவில் சளியும் பிடிக்கலாம். ஆனால் கதை எழுதுகிறவளுக்கு இரண்டு காரணம் சொன்னால், ஒரு காரணமும் இல்லையோ என்றுதான் தோன்றும்.

நான் அறிந்த இன்னொன்று: அந்தக் குளிர்காலத்தில் கல்லூரியில் ப்ரோவியைக் கூப்பிட்டு, வீட்டில் எதிரி நாட்டவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். பள்ளிக்கூட வேலை தரும்போது அதையும் பார்ப்பார்கள் என்றார்கள். இதை டீச்சரே சொன்னார், வேறொரு கதையின் நடுவில், காபியைக் கலக்கிக்கொண்டே. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

டீச்சர்தான் காட்டிக் கொடுத்தாரா? நான் அப்படிச் சொல்லவில்லை. நின்ஃபா வீட்டுச் சமையலறையில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள் அவர் என்று மட்டும் சொல்கிறேன்.

5

நின்ஃபா பேசிய அந்த நீளமான பதிலை நான்தான் இப்போது எழுதியாக வேண்டும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "என்னோடதுதான் சாமி. எம்புருஷனுக்குத் தெரியாது. அவரு கடலுக்குப் போறவரு, படகு உண்டு அவரு உண்டு. எம்பொண்ணுக்கும் தெரியாது, அவ படிக்கிற புள்ள. மாதா மேல ஆணை, நான்தான் ஒளிச்சு வெச்சேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

இதுதான் நடந்தது என்றால் டீச்சர் சுருக்கினாரே தவிரத் தப்பாகச் சொல்லவில்லை. ஊரும் இதைத்தான் நம்புகிறது. நின்ஃபா பெயரைச் சொல்லி இன்றும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

(ஆ) "எம்புள்ள செஞ்சது. எராஸ்மோ. உங்க கப்பல்ல தந்தி அடிக்கிறான். அதோ அந்தக் கடல்லதான் எங்கயோ இருக்கான். அவன் குரல் கேக்காதான்னுதான் இத வெச்சிருக்கேன். இது நம்ம ரேடியோ."

இங்கே பேனா நின்றது. சிசிலி பாஷையில் 'எங்கள்', 'நம்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் எழுத நான் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். 'எங்க ரேடியோ' என்றால் அந்த இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே. 'நம்ம ரேடியோ' என்றால் அவர்களும் உள்ளே. மகனைக் கொடுத்தவள் அவர்களை உள்ளே இழுத்துத்தான் பேசியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இந்தப் பேச்சு அப்படியே இங்கிலீஷில் போயிருந்தால், கடற்படைத் தந்திக்காரன் எதிரி நாட்டு அம்மாவுக்கு ரேடியோ செய்து கொடுத்திருக்கிறான் என்று ஆகியிருக்கும். எராஸ்மோவைக் கப்பலிலிருந்து இறக்கியிருப்பார்கள். ஆகவே, இதுதான் நடந்தது என்றால், மகள் அம்மாவின் பேச்சை வெட்டி அண்ணனைக் காப்பாற்றினாள். கூடவே அப்பாவின் படகையும், தன் வேலையையும்.

(இ) நின்ஃபா அந்த ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். ஆனால் பேசுவது மகளிடம். அவர்களுக்குப் புரியாத பாஷையில்:

"மூஞ்சியத் தொங்கப் போடாத, பாக்குறாங்க. நீதான் போய்ச் சொன்னன்னு எனக்குத் தெரியும். அவங்க நேரா கீழ போனப்பவே தெரிஞ்சுடுச்சு. வெனேரா பேர்ல போட்டுடலாம், அவ தாங்குவா. இப்ப நான் சொல்றத மட்டும் சொல்லு. என்னோடதுன்னு சொல்லு. படிச்சு முடி. அழுதியோ தொலைச்சுடுவேன்."

எழுதியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதனால்தான் இதை நான் நம்பவில்லை. இதில் அம்மா மறுபடியும் தெய்வமாகிவிடுகிறாள், மகளுக்குக் கேட்காமலே மன்னிப்பும் கிடைத்துவிடுகிறது. யாருக்கு வசதியோ அந்தக் கதையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

6

நடந்ததில் சந்தேகமில்லாத பகுதி இது. நின்ஃபாவைச் சில வாரங்கள் கம்பி வேலிக்குள் வைத்திருந்தார்கள். பிறகு விட்டார்கள். ஆனால் கடலோரத்தில் எதிரி நாட்டவர் யாரும் குடியிருக்கக் கூடாது என்று அதற்குள் உத்தரவாகிவிட்டது. அவள் உள்ளே, சலீனாஸில், ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் வாடகைக்கு இருந்தாள். கடல் கண்ணில் படாத ஊர். மத்தி அடுக்கிய கை அங்கே கீரைக் கட்டுகளைப் பெட்டியில் அடுக்கியது. அந்தக் கூலியும் சான் ஹோசேக்குத்தான் போனது.

அவளைக் கொண்டுபோன அன்று சாயங்காலம் கரைக்கு வந்த கோசிமோ, மகளிடம் கேட்ட முதல் கேள்வி, "படகப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" [இதையும் டீச்சர் சிரிப்புக்காகத்தான் சொன்னார்.]

ஒரு ஞாயிறு ப்ரோவி பஸ் பிடித்து சலீனாஸ் போனாள். இருவரும் கொட்டகை வாசலில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்கள்.

"அன்னிக்கு அவங்ககிட்ட என்னடி சொன்ன?" என்றாள் நின்ஃபா.

"நீ சொன்னதத்தாம்மா."

"நான் அவ்வளவு நேரம் பேசினேன். நீ வாயத் திறந்த, மூடிட்ட."

"இங்கிலீஷ் அப்படித்தாம்மா. சின்ன பாஷை."

நின்ஃபா எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். "படிப்புக்குப் போதுமா நான் அனுப்பறது?"

"போதும்."

"சாப்பிட்டுப் போ."

7

அக்டோபரில், அமெரிக்காவில் குடியிருக்கும் இத்தாலியர்கள் இனி எதிரிகள் இல்லை என்று அறிவித்தார்கள். நின்ஃபா ஊர் திரும்பினாள். திரும்பிய மறுநாளே வெனேரா வீட்டுக்குப் போய்க் காபி குடித்தாள். தான் பிடிபட்டதற்கு வெனேராதான் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தாள். டீச்சர் இதை அம்மாவின் பெரிய மனசு என்கிறார். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

அந்தக் குளிர்காலத்திலேயே பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். சங்கு ஊதினாலும் அந்த ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. குடியுரிமை நேர்காணலுக்குப் போனபோது ப்ரோவி கூடவே கிளம்பினாள்.

"நான் உள்ள வரேம்மா. ஏதாவது புரியலன்னா சொல்றேன்."

"வேணாம். நீ வெளியிலயே இரு."

முதல் தடவையிலேயே தேறினாள். அன்றிலிருந்து மகளிடம் இங்கிலீஷில்தான் பேசினாள். கணவனோடு சிசிலி பாஷை, வெனேராவோடு சிசிலி பாஷை, நாயைத் திட்டினாலும் சிசிலி பாஷை. மகள் உள்ளே வந்தால் மட்டும் இங்கிலீஷ். உடைந்த, கரடுமுரடான இங்கிலீஷ். ப்ரோவி தாய்மொழியில் கேட்டாலும் பதில் இங்கிலீஷில் வரும்.

"எனக்காகத்தான்," என்றார் டீச்சர். "நான் ஸ்கூல்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு. வீட்ல வேற பாஷை பேசினா என் உச்சரிப்பு கெட்டுடும்னு. அம்மா அப்படித்தான், எல்லாத்தையும் யோசிப்பாங்க."

"அவங்களே அப்படிச் சொன்னாங்களா டீச்சர்?"

"இதையெல்லாம் சொல்லுவாங்களா?"

இந்த இடம்வரை எழுதி எடுத்துக்கொண்டு போய், தமிழிலிருந்து வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் அவருக்கு மாற்றிச் சொன்னேன். வெனேராவின் காபியைச் சொன்னேன். வியாழக்கிழமையைச் சொன்னேன். (அ), (ஆ), (இ) மூன்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

"மூணுலயும் அவங்க நல்லாத்தான் பேசறாங்க," என்றார் கடைசியில்.

"எது சரி டீச்சர்?"

விரிப்பின் ஓரத்தை மறுபடியும் மடித்தார். நான் விடவில்லை. வேறு கேள்வி கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில, கடைசி நாட்கள்ல, அம்மா உங்ககிட்ட எந்த பாஷைல பேசினாங்க?"

டீச்சர் எழுந்து போய்க் காபிக் கோப்பைகளைக் கழுவினார். துடைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எழுத மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன்.

அவர் சொன்னார். எந்த பாஷை என்று மட்டும் இல்லை, என்ன வார்த்தை என்றும் சொன்னார். சின்ன வாக்கியம். ஒரு பாஷையில் அது மன்னிப்பு. இன்னொரு பாஷையில் அப்படி இல்லை.

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் எழுதவில்லை. அல்லது, எழுதினால் அந்த மூன்றில் ஒன்று சரியாகி மற்ற இரண்டும் பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை. நான் இப்போது இரண்டு காரணம் சொல்கிறேன். என் மேலும் உங்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். வரட்டும்.