பத்து லட்சத்து மூன்று

கால்குலேட்டர் பிறந்த அன்றே நெடுவகுத்தலின் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகும் பென்சிலால் வகுப்பவர்கள் மனித முன்னேற்றத்தின் எதிரிகள். இதை நான் கல்லூரி மேடையில் அல்ல, சாப்பாட்டு மேசையில் அக்காவிடம் சொன்னேன். அவள் நிமிராமல் பென்சிலால் வகுத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒரு பதிப்பகத்துக்குக் கணக்குப் பாடநூல்களின் புரூஃப் பார்க்கிறாள். போன வருடம் ஒன்றில் 'பத்து லட்சத்து ஒன்று ஒரு பகா எண்' என்று இருந்தது. அவளும் தலையாட்டி அனுப்பிவிட்டாள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை நூற்றொன்றால் மீதியில்லாமல் வகுத்துக் கடிதம் போட்டாள். இன்னொரு பிழை வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார் பதிப்பாசிரியர்.

இந்த வருடம் அந்த இடத்தில் பத்து லட்சத்து மூன்று. ஆயிரத்துக்குள் இருக்கிற நூற்று அறுபத்தெட்டு பகா எண்களாலும் வகுத்து, ஒன்றிலும் மீதி பூஜ்யம் வரவில்லை என்று தாளில் காட்ட வேண்டும். வழி தெரிய வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் தாள் செல்லாது. அடியில் வகுத்தவர் கையெழுத்து. விடிகாலை ஐந்து மணிக்குத் தாளை வாங்க ஆள் வந்துவிடும்.

"என் போன் அரை நொடியில சொல்லிடுச்சு. பகா எண்தான். போய்ப் படு."

"உன் போன் கையெழுத்து போடுமா?"

"உன்னுதைவிட அழகா போடும்."

"டேய், வெட்டியாதானே நிக்கிற? எழுநூத்தி அறுபத்தொண்ண ஏழால பெருக்கிச் சொல்லு."

"மன்னிக்கணும். நான் முன்னேற்றத்தோட ஆளு."

மூன்று நாளாக மற்ற அத்தியாயங்களோடு மல்லுக்கட்டியவள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழை முடித்ததும், "நாலே முக்காலுக்கு எழுப்பு" என்று மேசையிலேயே கவிழ்ந்தாள். மணி இரண்டு.

கிண்டலுக்கு ஏதாவது அகப்படுமா என்று அவள் முழங்கைக்கு அடியிலிருந்து தாள்களை உருவி, போனில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முதல் கட்டு, 499 வரை, ஒரு குறையும் இல்லை. இரண்டாம் கட்டில் 503: அவளுக்கு மீதி 37, போனில் 39. அடுத்ததிலும் இரண்டு குறைந்தது. அதற்கடுத்ததிலும். தாளின் உச்சியைப் பார்த்தேன்.

பத்து லட்சத்து ஒன்று.

ஒரு வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்த எண்ணைக் கை தானாகவே எழுதிவிட்டிருக்கிறது. அங்கிருந்து கடைசிவரை எழுபத்து மூன்று வகுத்தலும் வீண்.

எழுப்ப வாயெடுத்தேன். கன்னமெல்லாம் பென்சில் கரி. தூக்கத்திலும் விரல்கள் பென்சில் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

மீதிகளில் எல்லாம் இரண்டைக் கூட்டிவிட்டால் ஐந்து நிமிட வேலை. அழிரப்பரைக் கூட எடுத்துவிட்டேன். அடித்தல் திருத்தல் நினைவுக்கு வந்தது. போனில் விடைதான் இருந்தது, வழி இல்லை.

வெள்ளைத் தாளின் தலையில் பத்து லட்சத்து மூன்று என்று எழுதி, மூன்றுதானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அறுநூற்று நாற்பத்தொன்றில் இருந்தேன். மீதி நாற்பத்து மூன்று. விரல் வலித்தது. பென்சிலைச் சத்தமில்லாமல் சீவிக்கொண்டு, அடுத்ததை எடுத்தேன்.