போர்ச்சில் அக்காவுக்கு ஓர் அறை

வாசுகி அக்காவுக்கு முழங்கால் மூட்டை மாற்றிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்குப் படியேறக் கூடாது, தனியாக இருக்கவும் கூடாது. லாபிஸ் ஊரில் அக்கா தனியாகத்தான் இருந்தாள். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பண்டார் தெங்காராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவது என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டிலோ மூன்று அறைகளும் மேல்மாடியில்.

"கார் போர்ச்ச அடைச்சு ரூம் கட்டிரலாங்க" என்றாள் என் மனைவி தேன்மொழி. "ரெண்டு பக்கம் சுவரு, ஒரு ஜன்னலு. பாத்ரூம் கீழயேதான் இருக்கு. பின்னாடியும் அக்கா வந்து போக வசதியா இருக்கும்."

நல்ல யோசனை. நானும் "நல்ல யோசனை" என்றுதான் சொன்னேன். சொன்ன கையோடு, அதை எப்படி நடக்கவிடாமல் செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

காரணம், போர்ச்சில் என் கார் நின்றது. ஐம்பத்து மூன்று வயதில், முன்தலை முழுக்கக் காலியான பிறகு, நான் வாங்கிய சிவப்பு நிற இரண்டு கதவு கார். நான் வேலை செய்யும் செம்பனை எண்ணெய் ஆலைக்கு அதை எடுத்துப் போக மாட்டேன், செம்மண் படியும். மழையில் எடுக்க மாட்டேன். கடும் வெயிலிலும் எடுக்க மாட்டேன். ஜொகூரில் மழையையும் வெயிலையும் கழித்தால் மிச்சம் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் அதைத் துடைப்பேன்.

இதை வெளியே சொல்ல முடியுமா? பெற்ற அம்மாவுக்குப் பதிலாக என்னைத் தூக்கி வளர்த்த அக்காவை விட எனக்குக் கார் பெரிது என்றாகிவிடும். ஆகவே அக்காவின் நலனில் அக்கறை கொண்டவனாக மாறினேன்.

"காத்து வராது, தேனு. அக்காவுக்கு மூச்சு முட்டும்" என்றேன். "நகராட்சி மஜ்லிஸ்ல பெர்மிட் எடுக்கணும், மாசக்கணக்கா இழுக்கும்" என்றேன். அவள் எதற்கும் மறுப்புச் சொல்லாமல் கான்ட்ராக்டர் ஐயாசாமியை வரவழைத்தாள். அவர் அளக்க அளக்க நான் கேள்வி கேட்டேன். தரை உள்வாங்காதா? கரையான் வராதா? பக்கத்தில் இடி விழுந்தால்?

ஐயாசாமி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "அண்ணே, நீங்க என்னைய ரூம் கட்டக் கூப்பிட்டீங்களா, கட்டாம இருக்கக் கூப்பிட்டீங்களா?"

தேன்மொழி சமையலறைப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

வாய்ப்பேச்சு எடுபடவில்லை என்றதும் நிரூபித்துக் காட்டுவது என்று தீர்மானித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, வெயில் உச்சியில் இருக்கும்போது, காரை வெளியே எடுத்து உறை போட்டு மூடினேன். போர்ச்சில் மெத்தையை விரித்தேன். பத்தே நிமிடம் படுப்பது, வியர்த்துக் கொட்ட எழுந்து உள்ளே போவது, "இதுலயா அக்காவப் படுக்க வைக்கச் சொல்ற?" என்று கேட்பது. இதுதான் திட்டம்.

"படுத்துப் பாருங்க" என்றாள் தேன்மொழி.

தெருக்கோடியில் இருக்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு காற்று வந்தது. இருபது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அப்படியொரு காற்று அங்கே வருவதே எனக்குத் தெரியாது. கார் அல்லவா அதை அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"தம்பி... கமல் தம்பி..."

கண் விழித்தபோது மணி ஐந்து. கேட்டைப் பிடித்தபடி அடுத்த வீட்டு அபூபக்கர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கையில் ஒரு பொட்டலம்.

"புருசன் பொண்டாட்டின்னா நாலு பேச்சு வரத்தான் செய்யும். அதுக்காக இப்படி வெளிய வந்து படுக்கறதா? தங்கச்சிகிட்ட நான் வேணா பேசவா?"

"அலமாக்! அதெல்லாம் இல்லண்ணே. காத்து வருதான்னு பாக்கத்தான் படுத்தேன்."

"ஆமா, ஆமா. காத்து பாக்கத்தான்" என்றார் அவர், மிகுந்த இரக்கத்தோடு. "மீ கோரெங் இருக்கு. மொதல்ல சாப்பிடுங்க. காலைலேந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

விளக்க விளக்க அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. வேறு வழியில்லாமல் அந்த வறுத்த நூடுல்ஸை வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குள் தேன்மொழி நான் குறட்டை விடுவதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏன்டா போர்ச்சுல கெடக்குற?"

"உனக்கு ரூம் கட்டலாம்னு பாத்துக்கிட்டு இருக்கோம்க்கா."

"என்னையக் கொண்டுபோய் போர்ச்சுல நிறுத்தப் போறியா?" சிரித்தாள். பிறகு அவள் குரல் மாறியது. "இங்க தனி ரூம் குடுத்திருக்காங்க. ஏழு நாளாச்சு, செவுத்தப் பாத்துக்கிட்டே கெடக்கறேன். எனக்கு ரூமெல்லாம் வேணாம்டா. ஹால்ல ஒரு கட்டில் போடு. நீங்க பேசறது காதுல விழணும், அது போதும்."

அக்காவைக் கேட்காமலே அக்காவுக்காக ஒரு வாரம் வாதாடியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கூடவே, கார் தப்பித்தது என்று ஒரு மகிழ்ச்சியும் வந்தது. பொய் சொல்வானேன்.

அந்த மகிழ்ச்சி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஹாலில் கட்டில் போட்டால் சோபா செட் எங்கே போகும்? தேன்மொழி விரல் நீட்டிய இடம் போர்ச். கார் ரோட்டில் நின்றது. இரண்டாம் நாளே அதன்மேல் மைனாக்கள் எச்சமிட்டன.

அக்கா வந்தாள். தொலைக்காட்சி அவள் கைக்குப் போனது. மாலையில் ஊன்றுகோலோடு வெளியே வந்து அந்தக் காற்றில் சோபாவில் உட்காருவாள். ஒருநாள் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ரூம் வேணாம்னு நான் இழுத்தடிச்சது காத்துக்காக இல்ல. காருக்காக."

"தெரியும்லா" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப என் காலவிட ஜன்னலத்தான் அதிகமா பாத்த. தண்ணி வாங்கிட்டு வரேன்னு ரெண்டு தடவ கார் நிக்குதான்னு பாக்கக் கீழ போன. தண்ணி மட்டும் வரவே இல்ல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேட் வரை நடந்து பழகும் நேரம் வந்தது. கையைக் கொடுத்தேன். கார் நின்ற தெருப் பக்கம் திரும்பாமல் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு கூட நடந்தேன். அதைப் பெரிய தியாகம் என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.