கோடையில் சொல்லாத கதை

எழுபத்தொன்றாம் வருட ஜூலையில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வெயில் மண்டையைப் பிளந்தது. கருத்தரங்கு அறையின் முன்வரிசையில், விடுமுறை நாட்களில் செவ்விந்திய வேடம் கட்டும் ஜெர்மானிய மன்றத்துக்காரர்கள் இறகுக் கிரீடங்களோடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். எதிரே, அமெரிக்கப் படைமுகாமிலிருந்து வந்திருந்த நிஜச் செவ்விந்தியன், லகோட்டா குடியைச் சேர்ந்த ரேமண்ட், சாதாரண அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான்.

அவனை அழைத்து வந்தவள் வைதேகி. மதுரைப் பெண். லகோட்டா கதைகள் கற்றுத்தரும் நற்குணங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இன்று ஒரு கதை பதிவானால்தான் உதவித்தொகை நீளும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவளுடைய பேராசிரியர் டேப் ரிக்கார்டரை ஓடவிட்டார். ரேமண்ட் எழுந்தான்.

"நீங்க கேக்குறது பனி கொட்டும்போது மட்டும் சொல்ற கதைங்க. கோடையில சொல்ல மாட்டோம். வேற எது வேணும்னாலும் கேளுங்க."

பேராசிரியர் சிரித்தார். திரைகளை இழுத்துவிடச் சொன்னார். மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார். "இப்போ குளிர்காலம்னு நினைச்சுக்குங்க."

என்ன மூளை! ரேமண்ட் உட்கார்ந்துவிட்டான்.

"சரி வைதேகி, ஜனவரியில இவர் உங்ககிட்டச் சொன்னார்னீங்களே. நீங்களே சொல்லுங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பெருமையடித்தவள் அவள்தானே! கதை வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. என்ன கதை என்று இங்கே சொல்வதற்கில்லை. நீங்கள் இதை எந்த மாதத்தில் படிக்கிறீர்களோ, யார் கண்டது.

ரேமண்ட் அவளைத் தடுக்கவில்லை. உன் இஷ்டம் என்பதுபோல் பார்த்தான். அது அவளைச் சுட்டது. ஆய்வேட்டில் தைரியம் என்று தலைப்புப் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். எழுதுவதற்கு என்ன, காகிதம்தானே. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. நம்பிச் சொன்னவன் எதிரிலேயே அதை விற்றுத் தின்பதா?

எழுந்து போய் டேப் ரிக்கார்டரை அணைத்தாள்.

"மாட்டேன் சார். பனி கொட்டட்டும், சொல்றேன்."

"பனி கொட்டும்போது நீங்க இந்த நாட்டுலயே இருக்க மாட்டீங்க."

அவள் குரல் நடுங்கவில்லை.

"அதனால என்ன? எங்க மதுரையில பனி கொட்டுற அன்னைக்கு வாங்க. மொத்தக் கதையும் சொல்றேன்."

பேராசிரியர் பேனாவை எடுத்து, "மதுரை... எந்த மாசம்?" என்றார். அவளிடம் மதுரை வெயிலைப் பற்றிக் கேட்டிருந்த ரேமண்ட் மட்டும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.