முப்பத்தேழாவது பதில்

ஹம்சா அனுப்பிய அறிவிப்புக்கு முப்பத்தாறு பேர் பதில் போட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் பாக்கி.

'பன்னா' என்பது லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் புத்தகம் படிக்க உதவும் இலவச மென்பொருள். இந்தியில் பன்னா என்றால் பக்கம். பல ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து அதை நடத்திவந்தார்கள். ஹம்சாவுக்கு மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் உத்தியோகம். தலைநகரில், ஜனக்புரி வீட்டில் காலைக் காபிக்கும் ஆபீஸ் பஸ்ஸுக்கும் நடுவே கிடைக்கும் ஒன்றேகால் மணி நேரம் பன்னாவுக்கு. புதிய பதிப்பில் என்ன மாறுகிறது, அதை யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

பன்னாவோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி மென்பொருள்கள் உண்டு. ப்ளகின் என்பார்கள். அகராதி காட்ட ஒன்று, எழுத்தைப் பெரிதாக்க ஒன்று, உரக்கப் படிக்க ஒன்று என்று மொத்தம் முப்பத்தேழு. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் பராமரித்தார். இதுவரை அவை கம்ப்யூட்டரில் 'லிப்' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தன. அது அவற்றுக்குரிய இடமே இல்லை, 'ஷேர்' ஃபோல்டருக்குத்தான் போக வேண்டும் என்று லினக்ஸ்காரர்கள் வருஷக்கணக்காக முணுமுணுத்தார்கள். சரி என்று முடிவானது. ஜூலையில் வரப்போகும் பதிப்பு புதிய இடத்தில் மட்டும்தான் தேடும். பராமரிப்பவர் தன் ப்ளகினை அங்கே மாற்றாவிட்டால், ஒரு நாள் காலையில் அது படிக்கிறவர் கண்ணிலேயே படாது.

அதனால்தான் ஹம்சா அறிவிப்பை அத்தனை அக்கறையாகத் தயாரித்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பழைய இடத்தைச் சிவப்பிலும் புதிய இடத்தைப் பச்சையிலும் போட்டு, நடுவே அம்புக்குறி வைத்து அழகாக ஒரு படம் வரைந்து சேர்த்தாள். பாராட்டுகூட வந்தது.

பதில் வராத அந்த ஒன்று 'கேளு'. தமிழ்ப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ப்ளகின். குணா என்று ஒருவர் பராமரித்தார். பதிலே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. "எந்த இடம்?" என்று ஒரு வரி வந்தது. "அறிவிப்பைப் பாருங்கள்" என்று எழுதினாள். "பார்த்தேன். எந்த இடம்?" என்று மறுபடியும் வந்தது. ஹம்சாவுக்குச் சுருக்கென்றது. அத்தனை பெரிதாகப் போட்டிருக்கிறேனே! அதே அறிவிப்பை மறுபடி அனுப்பிவைத்தாள். அதோடு அந்தப் பக்கம் மௌனம்.

"விட்டுடுங்க," என்றார் கிருஷ்ணபிரசாத், வீடியோவில். பன்னாவின் தலைமைப் பொறுப்பு அவருடையது, புனேயில் இருந்தார். "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. உடைஞ்சா தானே ஓடி வருவார்."

"அவர் ஓடி வருவார். அதுக்குள்ள அதை வச்சுப் படிக்கிறவா என்ன பண்ணுவா?"

அவர் அடுத்த வேலைக்குத் தாவினார். அவள் விடவில்லை.

கேளுவின் இணையப் பக்கத்தை நிதானமாகப் படித்தபோது கடைசி வரியில் கண் நின்றது. கோல் மார்க்கெட்டில் உள்ள ஒரு ஒலிநூலகத்தில் இது சோதிக்கப்பட்டது என்றிருந்தது. பூமியின் எந்த மூலையிலோ இருப்பவர் என்று நினைத்திருந்த ஆள், மெட்ரோவில் அரை மணி தூரத்தில் இருந்தார்.

சனிக்கிழமை காலை ராமகிருஷ்ணா ஆசிரமம் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து போனாள். பழைய அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் நூலகம். ஆறு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றின் முன்னும் ஹெட்போன் மாட்டிய ஆட்கள். நான்கு திரைகள் அணைந்தே கிடந்தன. அணைந்த திரைக்கு முன்னால் விரல்கள் படபடவென்று தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிய ஆரம்பித்தது.

"குணாவைப் பார்க்கணும். நான் ஹம்சா. பன்னாலேர்ந்து."

மூலையில் இருந்தவர் ஹெட்போனைக் கழற்றினார். முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. கண்கள் அவள் பக்கம் திரும்பவில்லை; முகம் முழுக்கத் திரும்பியது.

"அட, 'அறிவிப்பைப் பாருங்கள்' மேடமா?" என்று சிரித்தார். "உக்காருங்க. நேர்லயே வந்துட்டீங்களா?"

ஹம்சா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அதுல ஒரு படம்..." என்று ஆரம்பித்தாள்.

"இருங்க, கேக்க வைக்கிறேன்." குணா இரண்டு விசைகளைத் தட்டினார். கம்ப்யூட்டர் அவள் எழுதியதை இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தது. அன்புள்ள பராமரிப்பாளர்களுக்கு. ப்ளகின் வைக்கும் இடம் மாறுகிறது. பழைய இடமும் புதிய இடமும் கீழே தெளிவாகத் தரப்பட்டுள்ளன. படம். இருபதாம் தேதிக்குள் மாற்றிவிடவும். நன்றி.

"அவ்ளோதான். படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை இது படிக்காது," என்றார் குணா. "தெளிவாத் தரப்பட்டிருக்குன்னு தெளிவாச் சொல்லுது."

ஹம்சாவுக்குக் காது சுட்டது. "சாரி குணா. ரெண்டு தடவை கேட்டேள். நான்தான் திமிரா பதில் போட்டேன்."

"நானும் கண்ணு தெரியாதுன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதல. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிக்கிட்டே இருக்கணுமான்னு எனக்கும் கொஞ்சம் ரோஷம்." மறுபடி சிரித்தார். "எங்கம்மா ராஜாத்தி விழுப்புரத்துலருந்து இங்க மண்ணு சுமக்க வந்தவங்க. யாரு எகிறினாலும் விட மாட்டாங்க. அந்த ரத்தம்."

புதிய இடத்தை அவள் வாயால் சொன்னாள். அவர் அங்கேயே தட்டி மாற்றினார். நாலு நிமிஷ வேலை.

கிளம்பலாம் என்று எழுந்தாள். அப்போதுதான் குணா கேட்டார். "மத்தவங்க எல்லாம் மாத்திட்டாங்களா மேடம்?"

"எல்லாரும் சரின்னு கட்டைவிரல் படம் போட்டுட்டா."

"கட்டைவிரல் போட்டாங்க சரி. மாத்தினாங்களா?"

ஹம்சா மறுபடி உட்கார்ந்தாள். புதிய பதிப்பின் சோதனை வடிவம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதை, ஒருவர் எழுந்து போனதில் காலியான கம்ப்யூட்டரில் ஏற்றி, முப்பத்தேழு ப்ளகின்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். அவள் பெயரைப் படிக்க, அவர் கட்டளையைத் தட்ட, மதியச் சாப்பாட்டு நேரமே தாண்டிவிட்டது. பதினொன்று காணவில்லை. பதினொரு பேர் படத்தைப் பார்த்து, அழகு என்று கட்டைவிரல் உயர்த்திவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

"அச்சா," என்றாள் ஹம்சா மெதுவாக. "நான் சொன்னேன். யார் காதுலயும் விழலை."

அங்கிருந்தே கிருஷ்ணபிரசாத்தை அழைத்தாள். அவர் முதலில் வழக்கம்போல் விட்டுவிடச் சொன்னார். பதினொன்று என்றதும் நிமிர்ந்தார். ஸ்பீக்கரில் குணா பேசினார். "சார், ஒரு பதிப்புக்கு மட்டும் ரெண்டு இடத்துலயும் தேடட்டும். பழைய இடத்துல கிடைச்சா, யாரோட ப்ளகின், எங்க போகணும்னு பன்னாவே எழுத்துல சொல்லட்டும். யாரும் மெயில் படிக்கவே வேணாம்."

"அதுக்கு ரெண்டு வாரம் தள்ளணுமே."

"தள்ளுங்களேன்," என்றாள் ஹம்சா. "என்ன, கல்யாண முகூர்த்தமா?"

புனேயிலிருந்து சிரிப்பு வந்தது. "சரி. எழுதுங்க."

அறிவிப்பைப் புதிதாக எழுதினார்கள். படம் இல்லை. பழைய இடம் ஒரு வரி, புதிய இடம் ஒரு வரி, மாற்றியபின் சரிபார்க்க ஒரு கட்டளை. பதிலாக அந்தக் கட்டளை தரும் விடையை அப்படியே அனுப்பச் சொன்னார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் குணா கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு இடத்தில், "இது சுத்தி வளைக்குது" என்றார். அவள் வெட்டினாள்.

பதினொரு பேரில் ஒன்பது பேர் அந்த வாரமே சரிசெய்துவிட்டார்கள். பத்தாமவர் பிரேசிலில் இருந்து, முதல் அறிவிப்பைப் பச்சை நிறம் அழகு என்று மட்டும் பார்த்ததாக வெட்கத்தோடு எழுதிவிட்டு மாற்றினார். கடைசி ஒருவர் ப்ளகினையே கைவிட்டிருந்தார். அதை ஹம்சா தானே எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை மதியம், ஆபீசில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே புதிய பதிப்பை வெளியிட்டாள். புகார் எதுவும் வரவில்லை. நாலு மணிக்குக் குணாவிடமிருந்து போன்.

"அக்கா, ஆறு கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டேன். எல்லாம் பேசுது. இங்க ஒருத்தர் பாதியில விட்ட நாவலைப் படிக்க உக்காந்துட்டார், எழுப்ப முடியல."

எந்த நாவல் என்று ஹம்சா கேட்டாள். அவர் பெயரைச் சொல்லி, அதன் முதல் அத்தியாயத்தையும் சொல்ல ஆரம்பித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் மேஜையில் இருந்த ஃபைலை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.