அரசியின் ‘ங்க’

என் மனைவி கலைமதி கதை எழுதுகிறாள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஊர் என்றால் எங்கள் இண்டூர் இல்லை, செல்போனில் கதை படிக்கிறவர்களின் ஊர். அவள் போனில் நான் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது: ‘நீலாம்பல், உங்கள் எழுகுன்றத்து அரசி தொடருக்குப் புதிய கருத்துகள் வந்துள்ளன!’ யாருடா இந்த நீலாம்பல் என்று திறந்து பார்த்தால், பூதமும் பறக்கும் குதிரையும் பேசும் மலையுமாக ஒரு பெரிய நாவல். எழுதியவள் எனக்குத் தினமும் களி கிண்டிப் போடுகிறவள்.

வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே வீட்டை ரெண்டாக்கியிருப்பான். நானும் ஆக்கியிருப்பேன், முதல் அத்தியாயத்திலேயே என்னைப் பார்க்காமல் இருந்திருந்தால். எழுகுன்றத்து ராஜாவுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது, கடையில் மோட்டாருக்குச் செப்புக் காயில் சுற்றும்போது கம்பி தெறித்தது. சோறு ஆறியிருந்தால் ராஜா தட்டைத் தள்ளிவிடுவான். அவன் நடந்து வந்தால் அரண்மனைக் கிளிகள் பேச்சை நிறுத்திவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. காயில் கடை மாதவராஜுக்கு ஒருத்தி கிரீடம் வைத்து, ஊரே படிக்க எழுதியிருக்கிறாள் என்றால் அதற்குப் பேர் என்ன? அன்புதானே?

அவளிடம் நான் மூச்சு விடவில்லை. கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவாள். கடையில் உட்கார்ந்து ‘உண்மைவிளம்பி’ என்று ஒரு பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு நானும் கருத்துப் போட ஆரம்பித்தேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அரசிக்கு ராஜாமேல் ஆசை இருக்கிறதா, இல்லையா? கலைமதி வாயைத் திறந்து எதையும் சொல்லுகிற ரகம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஒரு நாள் எதிர்த்துப் பேசியதில்லை, ஒரு நாள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதில்லை. அவள் மனசுக்குள் நுழைய எனக்குக் கிடைத்த ஒரே வாசல் அந்த அரசிதான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அழுவாள், ஏன் என்று எழுதியிருக்காது. சிரிப்பாள், காரணம் வராது. படிக்கிறவர்கள்தான் கருத்துப் பெட்டியில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

அகழிக்குள் ஒரு பூதம் வேறு. ராஜா வெளியே போனால் அது மேலே வரும். “வாடா தடியா, இன்னாடா இவ்ளோ நேரம்?” என்று அரசி அதன் முதுகில் தட்டிச் சிரிப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. யார் இந்தத் தடியன்? பால் ஊற்றுகிறவரைச் சந்தேகப்பட்டேன், பாவம், பேரன் எடுத்தவர். என் சித்தப்பா மகன் குருவைச் சந்தேகப்பட்டேன். அவன் ஓசூரிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் வருகிறவன்.

பிறகு போர் அத்தியாயம் வந்தது. ராஜா செத்துவிட்டான் என்று அரண்மனைக்குச் சேதி வருகிறது. அரசி அழவில்லை. அகழிக் கரையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, பூதத்தோடு சேர்ந்து பாடுகிறாள். மறுநாள் ராஜா உயிரோடு வந்து நிற்கிறான். “வந்துட்டீங்களா?” என்று கேட்டவள் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். அதோடு கலைமதி ‘தொடரும்’ என்று போட்டுவிட்டாள்.

அந்த அழுகைக்கு நான் நீளமாக விளக்கம் எழுதினேன். ‘பாட்டு, துக்கம் முற்றி வந்த பித்து. அழுகை, ஆனந்தக் கண்ணீர். ராஜாவிடம் அரசி ஒரு தடவையாவது ங்க போடாமல் பேசியிருக்கிறாளா? வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க. அந்த ங்கவுக்குள்தான் அவள் காதலை ஒளித்து வைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான்.’ லைக் குவிந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்தவர், “இன்னாண்ணா, இன்னிக்கு உங்க சத்தத்தையே காணோம்?” என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட அரூரிலிருந்து ஒருத்தி வந்தாள். கருத்துக்கு மேலே வஹிதா, அரூர் என்று பேர் போட்டிருந்தது.

‘உண்மைவிளம்பி சார், மொதல்ல இருந்து திரும்பப் படிங்க. அரசி ரெண்டே பேருக்குத்தான் ங்க போடுறா. ஒண்ணு ராஜா, இன்னொண்ணு தலை வெட்டுறவன். குதிரைக்கு டி, பூதத்துக்கு டா, மலையக்கூட நீன்னுதான் கூப்புடுறா. மரியாதை எது, பயம் எதுன்னு தெரியலையா உங்களுக்கு? அப்புறம், பூதம்னு யாரும் கெடையாது சார். ராஜா வூட்டுல இல்லாத நேரம் இருக்குல்ல, அதுதான் பூதம்.’

வாயில் வந்ததையெல்லாம் டைப் அடித்தேன். அனுப்புவதற்குள் அதற்குக் கீழே நீலாம்பலின் பதில் வந்துவிட்டது. ‘வஹிதாக்கா, நீங்க ஒருத்தர்தான் கண்டுபுடிச்சீங்க.’

பொய் என்று காட்டுவதற்காகவே முதலிலிருந்து படித்தேன். பொய் இல்லை. தலை வெட்டுகிறவன் வழியை மறித்து நிற்கும்போது அரசி, “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்கிறாள். சமையல்கட்டில் கலைமதி என்னிடம் தினமும் சொல்கிற அதே வார்த்தை. நான் கை நீட்டியதில்லை, சத்தியமாக இல்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று ஊரில் என்னைச் சொல்வார்கள், அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். கூடவே கிடக்கிறவளுக்குக் குரைப்பே போதும் போலிருக்கிறது. செத்தேன் என்றால் பாடுவாள், திரும்பி வந்தேன் என்று அழுதிருக்கிறாள். எவனாவது ஒருத்தன் இருந்திருந்தால்கூட அடித்துத் துரத்தியிருக்கலாம். நான் இல்லாத நேரத்தை நான் எப்படித் துரத்துவது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலைமதி களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். வராத மெதுவான குரலை வரவழைத்துக்கொண்டு, “நீயும் உக்காரு, சேந்து சாப்புடலாம்” என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “ஒடம்புக்கு எதுனா பண்ணுதுங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. இனிமே என்னை வாங்க போங்கன்னு சொல்லாத. நீ வா போன்னே பேசு.”

“நான் எதுனா தப்பாப் பேசிட்டனுங்களா?”

“இல்லடி, ஆசையாத்தான் கேக்குறேன். ‘நீ சாப்புடு’ன்னு ஒரு தடவ சொல்லேன்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண் என் முகத்தில் இல்லை. எப்போது தள்ளிவிடப் போகிறேன் என்று என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும், மிச்சத்தை எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

“சொல்லுன்றேன்ல!”

நான் போட்ட சத்தத்தில் கலைமதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு சொன்னாள்.

“நீ சாப்புடுங்க.”