மதகுக்கு இரண்டு பேர்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அக்கா மகள் அர்ச்சனா கேட்டதால் எழுதுகிறேன். பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'மதகு' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஏரியில் இவ்வளவு தண்ணீர், இவ்வளவு வெயில், இந்த மதகை இவ்வளவு திறந்தால் கடைசி வயலுக்கு எப்போது போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். பாகூரில் தொடங்கியது. இப்போது எந்தெந்த நாட்டிலோ ஓடுகிறதாம். அதற்குப் பத்து வயது நிறைகிறது, விழா மலர் போடுகிறார்கள்.

"ஒரு கதை குடு மாமா. ஜாலியா இருக்கணும், சோகம்லாம் வேணாம்," என்றாள் அர்ச்சனா.

"கம்ப்யூட்டரப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"உனக்கு எதப் பத்தித்தான் தெரியும்? எழுதறல்ல?"

2

தொடக்கம் ஒன்று: பாகூர் ஏரியின் மேல் சூரியன் மெல்ல –

(வேண்டாம். சூரியன் உதிக்காமல் எனக்கு ஒரு கதையும் தொடங்காது என்று வீட்டில் ஏற்கெனவே கேலி.)

தொடக்கம் இரண்டு: புதிதாகக் கல்யாணமான இருவர் ஒரே மேசையில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு –

(இது உண்மைதான். ஆனாலும் நிறுத்திவிட்டேன். அந்த இருவர் ஜெயப்பிரியாவும் திலீப்பும். பிரிந்து மூன்று வருடமாகிறது. ஜெயப்பிரியா பாகூரில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். திலீப் வில்லியனூரில். கோர்ட், கேஸ் எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. மதகை மட்டும் இன்னும் சேர்ந்து நடத்துகிறார்கள். அர்ச்சனா இதை என்னிடம் சொல்லவே இல்லை.)

3

ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரியாவைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்துவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"நான் வெலகறேன் சார். பொறுப்பாளர்ங்கிற எடத்துலேர்ந்து எம்பேர எடுத்துடச் சொல்லி அனுப்பிட்டேன். அவரு சரின்னணும்."

மதகில் ஒரு சட்டம் உண்டு. ஒரு கமா மாறுவதானாலும் பொறுப்பாளர்கள் இரண்டு பேர் சரி என்றால்தான் உள்ளே ஏறும். பொறுப்பாளர்கள் இந்த இருவர்தான்.

"சொல்லலியா?"

"மொதல்ல விளக்கம் பத்தலைன்னாரு. எழுதனேன். அப்பறம் வேற எதையோ சோதிச்சியான்னாரு. பேர எடுக்கறதுல இன்னா சார் சோதிக்கறது?"

"நீங்களே எடுத்துட முடியாதா?"

"முடியும். ஆனா அந்த ரூலப் போட்டதே நான்தான்."

திரையில் பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

"மூணு வருசமா பாருங்க. இத்தினியாவது வரி, இத மாத்து, அத மாத்து. எல்லாம் இங்கிலீஷ்ல. ஒரு பொண்டாட்டிகிட்ட பேசற பேச்சா சார் இது? இதுகூட இல்லன்னா ஒழுங்கா அழுதுட்டு வேலயப் பாப்பேன்."

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். தானே பெயரை எடுத்துவிட முடிகிற ஒருத்தி, பிரிந்த புருஷனின் சம்மதத்துக்காகக் காத்திருப்பாளா? வாசகர் நம்ப மாட்டார். 'முடியும்' என்று அவர் சொன்னதை 'முடியாது' என்று மாற்றினால் கதை சுலபமாகிவிடும். மாற்றிப் பார்த்தேன். கதையில் ஒரு பாஸ்வேர்டு பிரச்சினைதான் மிஞ்சியது. திரும்பவும் 'முடியும்' என்றே போட்டுவிட்டேன்.

5

திலீப்பை வில்லியனூரில் ஒரு பேக்கரியில் பார்த்தேன். டீ ஆறிப்போகும்வரை மதகைப் பற்றியே பேசினார். கடைசியில் நான் நேராகவே கேட்டேன்.

"ஏன்பா இழுத்தடிக்கற?"

"அவ இல்லாம மதகு நின்னுடும் சார்."

"வேற ஆளா கெடைக்காது?"

தலை குனிந்துகொண்டார். "கெடைப்பாங்க. ஆனா சரின்னு அமுக்கிட்டா, அப்பால அவகிட்ட இன்னா சார் பேசறது?"

பெரிய மனுஷனாக ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு டீ சொன்னேன்.

6

முடிவு அ: விழா மேடையில் திலீப் மைக்கைப் பிடித்து –

(அர்ச்சனாவுக்குப் பிடிக்கும். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: ஜெயப்பிரியா ஒரு நாள் பொறுமை இழந்து, தானே தன் பெயரை –

(பார்க்க, பகுதி 4.)

முடிவு கிடைக்காமலேயே, இருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு, கதையை அர்ச்சனாவிடம் கொடுத்தேன். மலரும் மதகோடு சேர்ந்ததுதானாம், கதையையும் ஒரு திருத்தம் போல அங்கேயே அனுப்பிவிட்டாள். அதாவது, என் கதைக்கும் அந்த இருவர்தான் சரி சொல்ல வேண்டும்.

ஜெயப்பிரியா அன்றே சரி சொல்லிவிட்டார். திலீப் ஐந்தாம் பகுதியின் கடைசிப் பேச்சைச் சுட்டிக்காட்டி, முதல்முறையாகத் தமிழில் எழுதியிருந்தார்: "இதை எடுத்துடுங்க சார்."

அதன் கீழே ஜெயப்பிரியா: "எடுக்க வேணாம். நீ சொன்னதுதானே?"

திலீப்: "சொன்னேன். அதுக்கு நீ பதில் சொல்லு."

ஜெயப்பிரியா: "பேசறதுக்கு போன் இருக்குது."

ஒரு நாள் முழுக்க அங்கே ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் திலீப் இரண்டுக்கும் சரி சொல்லியிருந்தார். முதலில் என் கதைக்கு, அடுத்து ஜெயப்பிரியாவின் பெயரை எடுப்பதற்கு.

7

"போன் பண்ணாரா மாமா?" என்று அர்ச்சனா கேட்டாள்.

"தெரியாது."

"கேட்டு எழுதேன். அதானே முடிவு?"

எழுதினாலும் ஏறாது. இரண்டு பேர் சரி சொல்ல வேண்டும், இப்போது திலீப் மட்டும்தான் இருக்கிறார். கதையைக் கொடுத்த பிறகு நடந்ததும் இந்தக் கடைசிப் பகுதியும் மலரில் வரப்போவதில்லை. அதனால் நேராக உங்களிடம் தருகிறேன்.

இரண்டாவது ஆளின் இடம் காலியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வந்து உட்கார்ந்து, அவர் போன் செய்தாரா, ஜெயப்பிரியா எடுத்தாரா என்று எழுதுங்கள். செய்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் என் ஆசைக்கு அங்கே ஓட்டு கிடையாது.